மணிமேகலையை எங்கே விட்டீர்கள்?

"புத்தகம் வேற, படம் வேற." இதை இன்னும் எத்தனை தடவைதான் கேட்பது? நேற்று ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வரும் நேரத்தில், பக்கத்து இலைக்காரரும் அதையே சொன்னார். கல்கியின் சோழர் கதை 'பொன்னியின் செல்வன்' படமாகி, முதல் பாகம் 2022-இல் வந்த நாளிலிருந்து இதே பாட்டு.

வேறுதான், யார் இல்லை என்றது? ஐந்து பாகக் கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டும், வெட்டத்தான் வேண்டும். சரி. ஆனால் எதை வெட்டுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? கதாநாயகன் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறன் இருக்கிறான், அவன் வீடான கடம்பூர் மாளிகை இருக்கிறது, அவன் தங்கை மணிமேகலை மட்டும் இல்லை! வந்தியத்தேவனைக் காப்பாற்ற, பட்டத்து இளவரசன் கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெண். கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறவள். அந்த அத்தியாயத்தை பதினாறு வயதில் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான். அவள் இல்லாமல் என்ன முடிவு?

அப்புறம் சேந்தன் அமுதன். கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான் சோழ அரியணைக்கு உரிமையுள்ள உண்மையான மதுராந்தகன், அவன் தலையில் கரிகாலனின் தம்பி அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை வைக்கிறான். கல்கி 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதி நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது. படத்தில் மகுடம் போவது அரண்மனையிலேயே வளர்ந்த மதுராந்தகனுக்கு. அதே தியாகமா இது? எப்படி ஐயா அதே தியாகம் ஆகும்?

இதைக் கேட்டால் நான் படம் பார்க்கத் தெரியாதவனாம். இரண்டு பாகத்தையும் முதல் நாளே பார்த்தவன் நான்!