எல்லையை விடுங்கள், மடியைப் பேசுவோம்

2021 அக்டோபர் 17 அன்று முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்கு இலங்கை வடமாகாண மீனவர்கள் படகு படகாகக் கடல்வழியே போனார்கள். அன்றைய தமிழ் எம்.பி.க்கள் சுமந்திரனும் சாணக்கியனும் படகில் இருந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: விசைப்படகு கடல் தரையோடு இழுத்துப்போகும் வலையான இழுவைமடியைத் தடை செய்து 2017-இல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள். எல்லை தாண்டி அங்கே மடி இழுப்பது தமிழக விசைப்படகுகள் என்பதால், இங்கே தமிழகத்தில் பலர் அதைத் தமிழக மீனவர்களுக்கு எதிரான போராட்டம் என்றார்கள். எனக்கு அன்றும் இன்றும் அது கடலுக்கான போராட்டம்தான்.

ராமேசுவரத்தில் விசைப்படகு கரைபிடிக்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து ஏலத்துக்குப் போய்விடும். மிச்சம் குவிந்து கிடப்பது சங்காயம், அதாவது விலைபோகாத கழிவு மீன். போன தடைக்காலம் முடிந்த வாரம் ஒரு கூடையைக் கையால் கிளறினேன். விரல் நீளம்கூட வளராத காரல், நகத்தளவு நண்டுக்குஞ்சு, நடுவே வேரோடு வந்த கடல்புல், இன்னும் பச்சை மாறாமல். இதெல்லாம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. வளர விட்டிருந்தால் எத்தனை வீட்டுக்குக் குழம்பு!

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். மடியின் வாயை விரிக்க இரு பக்கமும் பலகை, அடியில் சங்கிலி. அது தரையை உழுதுகொண்டே போகும். புல் போனால் குஞ்சு பொரிக்க இடமில்லை, ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கு மேய்ச்சலும் இல்லை. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி போட்டால் கேட்கவே வேண்டாம்.

நம் நாட்டுப்படகுக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் வரக்கூடாது என்று 1983-லேயே சட்டம் போட்டாயிற்று. மடியில் சிக்கி வலை அறுந்து திரும்புகிறவரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டி என்ன பயன்? போர் முடிந்து கடன் வாங்கி வலை போட்ட யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இதே கதி. இழுவைப்படகை அங்கே 'றோலர்' என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. மனசார வரவேற்கிறேன். ஆனால் காப்பகத்துக்கு வெளியே மடி தரையை உழுதுகொண்டிருந்தால் அந்தக் கோட்டுக்குள் எத்தனை நாள் புல் நிற்கும்?

விசைப்படகுக்காரரை வில்லனாக்கவும் எனக்கு மனசில்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு இலங்கைச் சிறைக்குப் போவது பெரும்பாலும் பங்குக்குப் போகும் கூலித் தொழிலாளி, படகு முதலாளி இல்லை. அப்புறம், 2017-இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் நல்ல யோசனைதான். ஆனால் இன்று போய் நாளை திரும்பிப் பழகியவரை, மானியம் போக மீதிக் கடனையும் தலையில் ஏற்றி, வாரக்கணக்கில் சூரை பிடிக்கப் போகச் சொன்னால் எப்படி? பழைய படகை அரசே நியாய விலைக்கு வாங்கி உடைக்கட்டும். மாறுகிற ஒன்றிரண்டு வருஷத்துக்குத் தொழிலாளி வீட்டுக்கு மாதப்பணம் கொடுக்கட்டும். இது செலவுதான், சரி. வருஷா வருஷம் படகைப் பறிகொடுப்பதும் செலவுதானே.

அடுத்த முறை அந்தக் கரையிலிருந்து படகுகள் புறப்பட்டால், அதே நாளில் இந்தக் கரையிலிருந்தும் நாட்டுப்படகுகள் புறப்பட வேண்டும். இடமிருந்தால் நானும் ஏறுகிறேன்.