சூரியத் தகடு போட்டால் மின்தடையே வராதா?

"தரைவீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டால் போதும். சிங்கப்பூரே இருண்டாலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும், மின் இணைப்பையே துண்டித்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. நம்பிப் பணம் போடுமுன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

தகட்டின் மின்சாரத்தை வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். பொது மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். இது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. இல்லாவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் ஊழியர்மீது உங்கள் கூரை மின்சாரம் பாயும். அதனால் வெயில் கொளுத்தினாலும் மின்விசிறி சுற்றாது. சுற்ற வேண்டுமென்றால் பேட்டரியும், வீட்டைத் தனியாகப் பிரித்து இயக்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். சிங்கப்பூரில் 2018 செப்டம்பர் 18 அன்று பல வீடுகளைப் பாதித்த மின்தடை வந்ததே அதிகாலை ஒரு மணிக்குமேல்தான். அந்த நேரத்தில் வெறும் தகடு என்ன செய்யும்?

சரி, இணைப்பைத் துண்டிக்கலாமா? இங்கே 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 3 யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். ஒரு கிலோவாட் இழுக்கும் ஏர்கான் இரவில் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். டிசம்பர் மழை நாள்களையும் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் 2013-இல் தொடங்கிய சிறு மின்கட்டமைப்பில்கூடத் தகடுகளுக்குத் துணையாக ஜெனரேட்டர் உண்டு.

தகடு போடுங்கள், கட்டணம் நிச்சயம் குறையும். ஆனால் மின்தடையின்போது எவையெவை, எத்தனை மணி நேரம் இயங்கும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.