இளம் மருத்துவர்களே, வார்டுக்கு வெளியேயும் உங்கள் சாட்சியம் தேவைப்படுகிறது

"முதலில் பி.ஜி. சீட் வாங்கு, மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் எம்.பி.பி.எஸ். முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லப்படும் அறிவுரை. பி.ஜி. முடிந்தால் சூப்பர் ஸ்பெஷாலிட்டி, அது முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் குடும்பம் என்று அந்தப் 'பிறகு' தள்ளிக்கொண்டே போகிறது. மருத்துவர்கள் அரசின் கொள்கை முடிவுகளில் குரல் கொடுக்க வேண்டும், அதை வார்டில் இரவும் பகலும் நிற்கும் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை, நம் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய எவரும் அறிந்த ஒரு துயரத்தை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

நஞ்சருந்தி வருபவர்களைச் சொல்கிறேன். அறுவடைக் காலமோ தேர்வு முடிவு வரும் காலமோ எதுவாக இருந்தாலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருத்துவப் பிரிவில் அவர்கள் இல்லாத நாள் அரிது. இளம் மருத்துவர் வயிற்றைக் கழுவுகிறார், நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசி செலுத்துகிறார், வென்டிலேட்டர் படுக்கைக்காக ஐ.சி.யு.வுடன் மன்றாடுகிறார், விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார், காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிறார். பிழைத்தவர்களில் மிகப் பலர் சில நாட்களிலேயே "ஏன் இப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை" என்று அழுவதையும் அவர்தான் கேட்கிறார். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்தச் சிறிது நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. 104 என்ற உதவி எண்ணும் மனநல ஆலோசனையும் மிக முக்கியம். கூடவே, பெட்டிக்கடையிலும் உரக்கடையிலும் என்ன விற்கப்படுகிறது என்பதும் முக்கியம். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் வேளாண்மைத் துறையும் தீர்மானிக்கின்றன. அந்தக் கோப்பு நகரும் மேசைகளில், வார்டில் இரவெல்லாம் நின்ற மருத்துவரின் சொல் இடம்பெறுவது அரிது.

இடம்பெற்றால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை தெளிவான சான்று. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. 1995ஆம் ஆண்டையொட்டி அது இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அங்குள்ள மருத்துவர்களும் நச்சியல் அறிஞர்களும், எந்தப் பூச்சிமருந்தைக் குடித்து வந்தவர்கள் பிழைக்கிறார்கள், எதைக் குடித்து வந்தவர்கள் இறக்கிறார்கள் என்பதை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து பொறுமையாகத் தொகுத்தார்கள். பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம் அந்தத் தரவுகளுக்குச் செவிசாய்த்தது. 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய வகைகள், 1998இல் எண்டோசல்பான், 2008க்குப் பிறகு படிப்படியாகப் பாராகுவாட் என்ற களைக்கொல்லி, டைமெத்தோயேட், பென்தியான் என்று ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் அதனால் குறைந்ததாகச் சான்று இல்லை. 2021இல் அந்நாடு இரசாயன உரங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் ஒரே நாளில் நிறுத்தி வேளாண்மையைச் சீரழித்ததை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எவரிடமும் தரவு கேட்காமல் எடுத்த முடிவு; முந்தையது மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்து, பயிருக்கு மாற்றுப் பூச்சிமருந்து உண்டா என்று ஆராய்ந்து, ஆண்டுக்கணக்கில் நிதானமாக எடுத்த முடிவு.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. ஒடிசாவின் பர்லாவில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்களும் மாணவர்களும் 2019இல் பாராகுவாட் களைக்கொல்லியால் தங்களிடம் வந்து இறந்தவர்களின் கணக்கைப் பொதுவெளியில் வைத்துத் தடை கோரினார்கள். மாநில அரசு தற்காலிகத் தடை விதித்தது. தமிழ்நாட்டில், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டினால் கல்லீரல் செயலிழந்து வருபவர்களைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கல்லீரல் மருத்துவர்களும் பிற மருத்துவமனைகளில் உள்ள அவர்களுடைய துறையினரும் மாநிலம் முழுவதிலுமிருந்து தகவல் திரட்டினார்கள். அதன் பின்னரே அந்த எலி மருந்துக்கு இங்கு தடை வந்தது. அதனுடன் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடையும் வந்தது.

ஏன் 60 நாள் மட்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். மேற்சொன்ன சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தரும் அதிகாரம் அவ்வளவுதான். விசாரணை முடியாவிட்டால் மேலும் சிறிது நாள் நீட்டிக்கலாம். நிரந்தரமாகத் தடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்வதற்கான வரைவு அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட்டு, ஆட்சேபணைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் கால அவகாசம் தந்தது. பாராகுவாட் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. உற்பத்தியாளர்கள் அந்த அவகாசத்தை வீணாக்கவில்லை; தங்கள் ஆட்சேபணைகளை முறையாகச் சமர்ப்பித்தார்கள், இறுதியில் தடையான பட்டியல் பெரிதும் சுருங்கிப்போனது. இந்தியாவில் நஞ்சுக்குச் சிகிச்சையளிக்கும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலிருந்தும், தன் வார்டின் அனுபவத்தைச் சொல்லி ஒரு கடிதமாவது அந்த அவகாசத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அரசிதழில் வரும் வரைவு அறிவிக்கையைப் படிப்பதும் நமது தொழிலின் ஒரு பகுதிதான். அதை நமக்கு எவரும் வகுப்பில் கற்றுத் தருவதில்லை என்பது பாடத்திட்டத்தின் பெருங்குறை.

இதைத்தான் நான் அரசியல் என்கிறேன். கட்சிக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதை அனுமதிப்பதும் இல்லை. ஆனால் சங்கத்தின் வழியாக மனு கொடுப்பதும், துறைத் தலைவர் வழியாக அறிக்கை அனுப்புவதும், ஆய்வுக் கட்டுரை எழுதுவதும் எந்த விதிக்கும் எதிரானவை அல்ல. அரசுப் பணியில் இல்லாதவர்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து, மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்ப வேண்டிய கேள்வியையே எழுதிக் கொடுக்கலாம்.

மருத்துவர்களுக்குப் போராடத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் ஊதியத்துக்காகவும் பட்டமேற்படிப்பு இடங்களுக்காகவும் பணியைப் புறக்கணித்தார்கள். அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கான பட்டமேற்படிப்பு ஒதுக்கீட்டுக்காக அவர்களது சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பைப் பெற்றது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள். அந்த ஒதுக்கீடு கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் தங்குவதற்கே காரணமாக இருப்பது. நான் வருந்துவது வேறொன்றுக்காக. நம் பணி நிலைமைக்காகத் திரளும் அந்த ஆற்றல், நம்மிடம் வரும் நோயாளிகள் நோயாளிகளாகாமல் தடுக்கும் கோரிக்கைகளுக்காக ஒருமுறையேனும் அதே அளவில் திரண்டதை நான் பார்த்ததில்லை. மக்கள் நம்மை நம்பும் அளவுக்கு வேறு எவரையும் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையை நம் ஊதியத்துக்காக மட்டும் செலவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சட்ட மேலவைக்குச் சென்று தேவதாசி முறைக்கும் குழந்தை மணத்துக்கும் எதிராக வாதாடினார். நம் காலத்திலேயே, சென்னையின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தோல்வியுற்ற மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழிசெய்ய வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார். அந்த உடனடித் துணைத்தேர்வு இன்று நமக்கு இயல்பான ஒன்றாகிவிட்டது. அவர் நிறுவிய சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் காப்பகத்தில் பூட்டி வைக்கும் முறையை விவசாயிகளுடன் சேர்ந்து சோதித்தும் பார்த்தது. கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். களையெடுக்க ஆள் கிடைக்காமல் களைக்கொல்லியை நம்பியிருக்கும் விவசாயியின் பக்கம் அமர்ந்து பேசாமல், தடை வேண்டும் என்று மருத்துவர் மட்டும் முழங்கினால் அது எடுபடாது, எடுபடவும் கூடாது. வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்கள் வயது நண்பர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, நோயாளிகளின் பெயரையும் அடையாளத்தையும் முற்றிலும் நீக்கி, உங்கள் வார்டுக்கு ஓராண்டில் வந்த நஞ்சு பாதிப்புகளில் எந்த நஞ்சு, எங்கே வாங்கியது, முடிவு என்ன என்று ஒரே தாளில் தொகுத்துப் பாருங்கள். நோயாளியின் உறவினர் கொண்டுவரும் டப்பாவில் உள்ள வேதிப்பெயரைக் கேஸ் ஷீட்டில் தவறாமல் எழுதுங்கள். 'அறியப்படாத நஞ்சு' என்று எழுதிய வரி எந்த மேசையிலும் சான்றாக நிற்காது. அந்தத் தாளுடன் உங்கள் துறைத் தலைவரின் கையொப்பமும் சேர்ந்தால், மாவட்ட ஆட்சியரிடமும் வேளாண்மை இணை இயக்குநரிடமும் கொடுக்கத் தகுந்த மனு தயாராகிவிடும். எழுத முன்வருபவர்கள் எனக்கு வரைவை அனுப்புங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன், சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கவும் வருகிறேன்.