காலை 11 மணிக்கு அவன் யாரோடு விளையாடுவான்?

மூன்றாம் வகுப்பு முடிந்ததும் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது அவனுக்கு 11 வயது. வீட்டில் பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970களில் அன்ஸ்கூலிங் என்று பெயர் வைத்த வழி இது. பிள்ளைக்கு எதில் நாட்டமோ அதன் பின்னால் அவனைப் போகவிடுவது. 14 வயது முடிந்த பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதிக்கொள்ளலாம், அதுவரை அவசரமில்லை என்று நானும் என் கணவரும் பேசி எடுத்த முடிவு. அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆனால் இந்த வழியில் வந்த பெற்றோர் பலர் வெளியில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை நாள் முழுக்க கேம் விளையாடுகிறது. சொந்தபந்தத்திடம் சொன்னால், "அப்பவே சொன்னமே" என்பார்கள். நம்மைப் போன்ற பெற்றோரிடமே சொன்னால், "நம்புங்க, தானா அடங்கும்" என்பார்கள். இரண்டு பக்கமும் வாயை மூட வைக்கிற பதில்தான். அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், விடிகாலை நாலரை இருக்கும். வெளியே நல்ல மழை. தண்ணீர் குடிக்க எழுந்தவள், அவன் போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்தேன். தலையணைக்கு அடியில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறான். கையில் இருந்த போன் சுட்டது.

"வெச்சுட்டுத் தூங்கு சாமி, காலைல பாத்துக்கலாம்."

"இல்லம்மா. நேத்து கரண்ட் போனதுல மறந்துட்டேன். அஞ்சரைக்குள்ள பெட்டியத் திறக்கலைன்னா 63 நாள் விடாம வந்த ஸ்ட்ரீக் போயிரும்."

தினமும் உள்ளே போய் ஒரு பரிசுப் பெட்டியைத் திறக்க வேண்டிய கேம் அது, ஒரு நாள் விட்டாலும் எண்ணிக்கை அறுந்துவிடும். அதன் கடிகாரம் கிரீன்விச் நேரப்படி ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. தூரத்தில் எங்கோ இருக்கிற ஒரு சர்வருக்கு நாள் முடிகிறது என்று என் பிள்ளை கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மழையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தில் விளையாட்டுச் சந்தோஷம் துளிகூட இல்லை. முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற ஆளின் முகம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

அதற்கு முந்தைய 14 மாதங்கள் நாங்கள் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் விட்டுப்பிடிக்க வேண்டும், அதற்குள் பிள்ளை தன் போக்குக்கு வந்துவிடும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எல்கேஜியிலிருந்து எண்ணினால் இவனுக்கு ஐந்து மாதம். ஐந்து போய்ப் பத்தாகியும் பொறுத்தோம். மாமியார் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: "ஏன் அம்மிணி, பள்ளிக்கோடத்துக்குத்தான் அனுப்பல, அந்தப் போனையாச்சும் புடுங்கி வெக்கக்கூடாதா?" நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். பதில் என்னிடம் இல்லை.

அந்த விடிகாலைக்குப் பிறகு ஒரு வாரம், வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை, மணி பார்க்கவில்லை. அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அவன் விளையாடுகிற கேம்களில் ஒன்று மைன்கிராஃப்ட், கட்டைகளை அடுக்கி வேண்டியதைக் கட்டுகிற கேம். அதில் அவன் ஒரு கரும்புத் தோட்டம் போட்டிருந்தான். அந்த கேமில் கரும்பு மூன்று கட்டம் உயரம் வளரும். மூன்றாவது கட்டம் முளைத்த நொடியில் அப்சர்வர் என்கிற கட்டை அதைக் கண்டுகொள்ளும். உடனே சிக்னல் போய் பிஸ்டன் ஒன்று நடுக்கட்டத்தைத் தள்ளும். மேலே உள்ளது உதிர்ந்து விழ, அடிக்கட்டம் அப்படியே நிற்கும், மறுபடி வளரும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்து, உடைத்து, மறுபடி கட்டி வந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருஷம் கரும்பு போட்டவர். "அட, அடிக்கட்டையை விட்டுட்டுல்ல வெட்டுது! மறுதாம்பு விடற மாதிரியே இருக்குது" என்றார். அன்று சாயங்காலம் தாத்தாவும் பேரனும் வரப்பில் உட்கார்ந்து மறுதாம்புக் கரும்பு எத்தனை வெட்டுக்குத் தாங்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

விடிகாலையில் எழுந்து விளையாடிய அந்த இன்னொரு கேமில் பார்க்க ஒன்றுமே இல்லை. பெட்டியைத் திற, பொருள் வருமா வராதா பார், நாளைக்கு வா. அவ்வளவுதான். ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துக் காட்டிய சங்கதி இது. கொத்தினால் ஒவ்வொரு முறையும் தீனி வருமென்றால் புறா பசிக்கும்போது கொத்தும். எப்போது வருமென்று தெரியாமல் வைத்தால் ஓயாமல் கொத்தும். காசு வாங்கிக்கொண்டு இப்படிப் பெட்டி விற்பது சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் 'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து, எத்தனை மணி நேரம் என்று மட்டும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீனா 2021-ல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆன்லைன் கேம் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் என்று விதியே போட்டது. அரசாங்கத்தால் மணியைத்தான் எண்ண முடியும், ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் வந்து உட்கார முடியாது. நம்மால் முடியும்.

அந்தப் பெட்டி கேமை அழித்தேன். அவனிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் அழித்தேன். ஆனால் அவன் மறுத்திருந்தாலும் அழித்திருப்பேன். இப்படிச் சொன்னால் நான் அன்ஸ்கூலிங்கே செய்யவில்லை என்று சிலர் கோபப்படுவார்கள். படட்டும். பிள்ளை தன் விருப்பத்தின் பின்னால் போகட்டும் என்றுதான் நான் ஒப்புக்கொண்டேன். அவன் விருப்பத்தைத் தூண்டில் போட்டு இழுப்பவர்களுக்கு இடம்விட ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் சோறு சரியாக இறங்கவில்லை அவனுக்கு. எனக்கும்தான்.

அந்த நாட்களில் ஒரு தடவை கேட்டேன், "அதுல அப்படி என்னடா கண்ணு இருந்துச்சு?" சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கூப்பிட்டா யாராச்சும் வருவாங்கம்மா."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். நாலரைக்குத் திரும்புவார்கள், ஐந்தரைக்கு டியூஷன். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஸ்பெஷல் கிளாஸ். இதற்கு நடுவில் 11 வயதுப் பையன் ஒருத்தன் காலை 11 மணிக்குப் பந்தை எடுத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவான்? பாடப்புத்தகத்தை அவனிடமிருந்து எடுத்தது நல்லதுதான். கூடவே முப்பது பிள்ளைகளையும் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

யாராவது கேட்டால் முன்பெல்லாம் குகேஷைச் சொல்வேன். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகாத பிள்ளை, 2024-ல் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன், நாள் முழுக்க 64 கட்டத்தையே பார்த்தவனை யாரும் அடிமை என்று சொல்லவில்லையே என்று வாதாடுவேன். அவனுக்காக அவன் அப்பா மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டுப் போட்டிக்குப் போட்டி கூடவே போனார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 2022-லிருந்து 'கேமிங் கோளாறு' இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே ஆகிப்போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த நிலை என்றால் மருத்துவரிடம் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-லிருந்து தனிப் பிரிவு நடக்கிறது. போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இப்போது போனுக்குப் பதில் கூடத்து டிவியில் விளையாடுகிறான். போகிற வருகிற எல்லோரும் நின்று பார்க்கிறோம், கேட்கிறோம். காலையில் இரண்டு மணி நேரம் முக்கு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போகிறான். கடைக்கார அண்ணன் அவனை வேலை வாங்குகிறார், திட்டுகிறார், டீ வாங்கித் தருகிறார். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அப்பாவோடு குளிக்கப் போகிறான். இன்னமும் தினம் நாலைந்து மணி நேரம் கேம் ஓடுகிறது. நான் எண்ணுவதில்லை.

குறை ஒன்றுதான். அவன் வயதுப் பிள்ளைகள் போதவில்லை. கோபி, சத்தி, அந்தியூர், பவானி பக்கம் பள்ளிக்குப் போகாத பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் சனிக்கிழமை வரட்டும். எங்கள் களத்தில் நிழல் இருக்கிறது, கிரிக்கெட் மட்டை இரண்டு இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. மைன்கிராஃப்ட் விளையாடுகிற பிள்ளை என்றால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள், கரும்புத் தோட்டத்தைக் காட்ட ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்.