எம்சிபி இருந்தால் கீசர் ஷாக் அடிக்காதா?

"எம்சிபி இருக்கிறது, கீசரில் ஷாக் அடிக்கவே அடிக்காது" என்று ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். தப்பு சார். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கிற சுவிட்ச்; அது காப்பாற்றுவது ஒயரை, குளிக்கிற ஆளை இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும், ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியரே தாராளம். ஆளைக் காப்பாற்றவென்று இருப்பது ஆர்சிசிபி என்கிற இன்னொரு சுவிட்ச்: பேஸில் போகிற கரண்டுக்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே சட்டென்று துண்டித்துவிடும். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

டெல்லியில் ஏப்ரலோடு அணைத்த கீசரை தீபாவளி வாக்கில்தான் திரும்பப் போடுகிறோம். போர் தண்ணீர் வீடு என்றால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் வெள்ளையாக உப்பு படிந்து, உறை அரித்து, கரண்ட் தண்ணீரிலேயே இறங்கலாம். அப்புறம் எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற பச்சை ஒயர். பழைய பிளாட்டுகளில் சாக்கெட்டைக் கழற்றினால் பச்சை ஒயரே இருக்காது, அல்லது யாரோ ஒரு புண்ணியவான் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்கு இழுத்து முறுக்கி வைத்திருப்பார். இது எர்த் இல்லாததைவிட மோசம், நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க கரண்ட். எலக்ட்ரீஷியனை மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை இன்றே அழுத்துங்கள், விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.