உறை போட்டு மூடிய கம்ப்யூட்டர்கள்

போன வாரம் எங்கள் ஏரியா கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். ஓரமாக மூன்று கம்ப்யூட்டர்கள், பிளாஸ்டிக் உறை போட்டு மூடியபடி. உறைமேல் படிந்த தூசியில் ஏதோ ஒரு குழந்தை விரலால் 'அ' எழுதிப் பார்த்திருக்கிறது. "யூஸ் பண்ணலாமா?" என்று கேட்டேன். "ரிப்பேர் ஆச்சுன்னா நான்தான் சார் பதில் சொல்லணும்" என்றார் நூலகர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவர்தான், கதவைப் பூட்டுவதும் அவர்தான்.

வெளியே வந்தால் எதிரே பிரவுசிங் சென்டரில் கூட்டம். குரூப் 4க்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண், போட்டோவைச் சுருக்க இவ்வளவு, பிரிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பர்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதைவிட என்னை உறுத்தியது அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான். யார் யாருடைய ஆதாரோ, சாதிச் சான்றிதழோ, மார்க் ஷீட்டோ அப்படியே கிடந்தன. அடுத்து உட்காருபவர் யாராக இருந்தாலும் திறந்து பார்க்கலாம். ஒருவர் எழுந்து போனதும் அவருடைய கோப்புகள் தானாகவே அழியும்படி நூலகத்தில் அமைத்துவிடலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

செல்போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். ஐந்து அங்குலத் திரையில் நீளமான விண்ணப்பத்தை நிரப்பி, கடைசிப் பக்கத்தில் சிக்னல் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்களைக் கேளுங்கள்.

நூலகத்தில் கம்ப்யூட்டர் என்பது யாரும் நமக்குத் தரும் சலுகையும் அல்ல. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் எழும்பி நிற்கும் நூற்றாண்டு நூலகங்களைப் பார்த்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர், தமிழில் டைப் செய்ய ஒரு கீபோர்டு, தடுமாறினால் பக்கத்தில் வந்து நிற்க ஒரு ஆள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்தவே என்பது. அந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் அதே விதிதான்.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதனால் எங்கள் வாசகர் வட்டத்தில் பேசியிருக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் நான் உட்காருகிறேன், ஏதாவது பழுதானால் நாங்களும் சேர்ந்து பொறுப்பேற்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் நூலகர். வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன்.