ஹுர்ரெமிடம் நாலு கேள்வி

(இஸ்தான்புல், எமினோனு படகுத்துறை. புர்சாவிலிருந்து வந்து இறங்குகிறார் நெர்மின் அத்தை. கையில் பெரிய பை. அழைத்துப் போக வந்தவன் அண்ணன் மகன் எம்ரே.)

நெர்மின்: அதோ குன்று மேல நாலு மினாரு தெரியுதே, அதுதானே சுலைமானியே பள்ளிவாசல்? கூப்பிடு தூரம்தான். பொடிநடையா ஏறிடலாம் வா.

எம்ரே: கண்ணுக்குத்தான் அத்தை பக்கம். சந்து சந்தா, செங்குத்தா ஏத்தம். பாதி வழியில உங்க முட்டி தர்ணா பண்ணும். டி1 டிராம்ல அஞ்சாவது நிறுத்தம் பெயாஸிட். அங்க இறங்கி பல்கலைக்கழக மதிலைச் சுத்திப் போனா பத்துப் பதினஞ்சு நிமிஷ நடை. ஏத்தமே தெரியாது.

நெர்மின்: என்கிட்ட அட்டை இல்லையே.

எம்ரே: என் இஸ்தான்புல்கார்டையே ரெண்டு தரம் வெச்சா போதும். முதல் தட்டுக்கு நீங்க போங்க. அந்தப் பக்க மேடை இல்ல, அங்க ஏறினா பாலத்தைத் தாண்டி கராகோய்ல இருப்போம். பையில என்ன இவ்வளவு கனம்?

நெர்மின்: ஆறு மெழுகுவத்தி, சிவப்பு நாடா ஒரு கட்டு, ஒரு கிலோ கஷ்கொட்டை மிட்டாய்.

எம்ரே: சுலைமான் சுல்தானோட பொண்டாட்டி ஹுர்ரெம் சுல்தானை, அவங்க கல்லறைக்கே போய் நாலு கேள்வி கேக்கப் போறேன்னு ஃபோன்ல சொன்னீங்க!

நெர்மின்: சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடவா போவாங்க?

(பள்ளிவாசல் முற்றம். அத்தை தலையில் முக்காடு, கையில் செருப்புப் பை.)

நெர்மின்: உள்ள போய் ரெண்டு ரக்அத் தொழுதேன். நாலு மூலையும் தேடிட்டேன். கபரையே காணோம்.

எம்ரே: உள்ள இருக்காது. எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றாங்க. தொழும்போது பார்த்து நிக்கிற கிப்லா சுவருக்குப் பின்னாடி மதில் போட்ட மையவாடி இருக்கு, துர்பே, அதான் கபர் மேல கட்டின மண்டபம், ரெண்டும் அங்கதான். வெளியில சுத்திக்கிட்டுத்தான் போகணும். லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு, இப்பவே பார்த்துடலாம். வெள்ளிக்கிழமை மதியம்னா கூட்டத்துல முற்றத்துலயே மாட்டிக்குவோம்.

நெர்மின்: அதோ! சுத்தித் தூண் வெச்ச தாழ்வாரத்தோட, எவ்வளவு பெருசு! ராணின்னா ராணிதான்.

எம்ரே: அது ராஜா அத்தை. சுலைமான். பக்கத்துல இருக்கிற சின்ன எட்டுப்பட்டைக் கட்டடம்தான் இவங்களுது. ரெண்டும் அரண்மனைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டினது. ஃபோட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனப்புறம் ஆள் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிறவங்க நிறைய.

நெர்மின்: வலிதே சுல்தானுக்கு இவ்வளவு சின்ன வீடா?

எம்ரே: வலிதேன்னா பட்டத்துல இருக்கிற சுல்தானைப் பெத்தவ. மகன் செலிம் பட்டத்துக்கு வந்தது 1566ல. இவங்க 1558 ஏப்ரல்லயே போயிட்டாங்க. கடைசிவரைக்கும் ஹசெகிதான், அதாவது சுல்தானுக்குப் பிரியமானவ. அந்தப் பட்டமே இவங்களுக்காக உண்டானது.

நெர்மின்: வந்ததே அடிமையா. வந்தவளுக்குப் புதுசா பட்டம் வேற.

(துர்பேயின் உள்ளே. அத்தை நேராக, சவப்பெட்டி போன்ற ஒரு பெட்டியின் முன் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்.)

நெர்மின்: ஏம்மா! எங்க ஊர் முராதியே மையவாடியில உன் புருஷனோட இன்னொரு மகன் முஸ்தஃபா படுத்திருக்கான். 1553ல பெத்த தகப்பனே கூடாரத்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை நெரிக்க வெச்சான். பின்னாடி நின்னு தூபம் போட்டது நீதானே? அவன் ஆத்தா மஹிதெவ்ரான் எங்க ஊர்ல கடன்பட்டுச் சீரழிஞ்சாளே, அந்தப் பாவம்...

எம்ரே: அத்தை, மெதுவா. அது ஹுர்ரெம் இல்ல.

நெர்மின்: பின்ன?

எம்ரே: பலகையைப் படிங்க. ஹானிம் சுல்தான். சுலைமானோட கூடப்பிறந்தவ மக. இங்க மொத்தம் மூணு பேர். இன்னொண்ணு செலிமோட பையன் மெஹ்மெத், ஹுர்ரெமுக்குப் பேரன். பொதுவா தலைமாட்டுல தலைப்பாகை இருந்தா ஆண். இல்லைன்னா பலகையைப் படிக்காம வாயைத் திறக்கக் கூடாது.

நெர்மின்: (பெட்டியிடம்) மன்னிச்சுக்கோம்மா. உன்னை ஒண்ணும் சொல்லல. (நகர்ந்து) ம், இதுவா? ஏம்மா, காதுல விழுந்துச்சா? இல்ல, மறுபடி முதல்லேருந்து சொல்லணுமா?

எம்ரே: அந்தப் பெட்டி அடையாளத்துக்கு வெச்சது. உள்ள ஒண்ணும் இல்ல. ஆள் கீழ மண்ணுல.

நெர்மின்: அப்ப இவ்வளவு நேரம் ரெண்டு காலிப் பெட்டிகிட்டயா கத்தினேன்? வாசல்லயே சொல்றதுக்கு என்ன? சரி, அந்த மெழுகுவத்தியை எடு.

எம்ரே: கூடாது. துர்பேக்களில மாட்டியிருக்கிற அறிவிப்பை நீங்க படிச்சதே இல்லையா? மெழுகுவத்தி ஏத்தக் கூடாது, துணி கட்டக் கூடாது, காசு ஒட்டக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, சுத்தி வரக் கூடாது, முகத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ள படுத்துத் தூங்கக் கூடாது.

நெர்மின்: தூங்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்கன்னா, எவனோ தூங்கியிருக்கான்.

எம்ரே: இறந்தவங்களுக்காக ஃபாத்திஹா ஓதலாம். அதுக்குத் தடை இல்ல.

நெர்மின்: இவளுக்கா? மாட்டேன். (சுவரைப் பார்த்து) டைல்ஸ் மட்டும் என்ன அழகு! பூத்த மரம் மாதிரியே இருக்கு.

எம்ரே: உங்க மாகாணத்துச் சரக்குதான். இஸ்னிக். களிமண் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் குவார்ட்ஸ் பொடி. அதான் பின்னணி அப்படி வெளுப்பா இருக்கு. சிவப்பு வேணும்னா இரும்புச் சத்துள்ள மண்ணைக் கெட்டியா அப்பணும். நீலம் பரவி ஓடும், சிவப்பு அப்பின இடத்துலயே நிக்கும். அதனால மெருகுக்கு அடியில தடிப்பா மேடிட்டிருக்கும். சூளையில சூடு தப்பினா சிவப்பு பழுப்பாயிடும். இந்தச் சிவப்பு முதன்முதல்ல ஒரு கட்டடத்துல வந்ததே சுலைமானியே பள்ளிவாசல்லதான். தொடாதீங்க. பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க, வெளிச்சத்துல மேடு தெரியும்.

நெர்மின்: (குனிந்து) ஆமாண்டா... முஸ்தஃபா துர்பேயிலயும் இதே டைல்ஸ்தான்.

எம்ரே: அந்தத் துர்பேயைக் கட்டினது யாருன்னு நினைக்கிறீங்க?

நெர்மின்: யாரு?

எம்ரே: இவங்க மகன் செலிம். மஹிதெவ்ரானுக்குக் கடைசியில கிடைச்ச உதவிக்குப் பின்னாடியும் அவர் இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. முஸ்தஃபா விஷயத்துல இவங்க கை எவ்வளவு தூரம் இருந்துச்சுன்னு வரலாற்றுக்காரங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. நீங்க டிவி தொடர் பார்த்துட்டுத் தீர்ப்பு எழுதிட்டீங்க.

(நீண்ட மௌனம்.)

நெர்மின்: சரி. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபாத்திஹா. பங்கு போட்டுக்கட்டும்.

(வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே.)

நெர்மின்: மக மிஹ்ரிமா எங்க?

எம்ரே: பெரிய துர்பேல, அப்பா பக்கத்துல. ரொம்பக் காலம் கழிச்சு வந்த சுல்தான்கள்ல ரெண்டு பேரும் அங்கயேதான், ரெண்டாம் சுலைமானும் ரெண்டாம் அஹ்மெதும். வாங்க, முன்னாடி வரிசையா பீன்ஸ் கடை. வெள்ளை பீன்ஸ் குழம்பு, பிலாவ், ஊறுகாய். அந்தக் காலத்துல அபின் தின்னவங்க உட்கார்ற காப்பிக்கடையாம் அதெல்லாம். தெருவுக்குப் பேரே போதைக்காரன் கடைவீதி.

நெர்மின்: மிட்டாயை அங்க தின்னுக்கலாம். ஏண்டா, ஹுர்ரெமோட மாமியாரு?

எம்ரே: ஹஃப்ஸா சுல்தானா? யாவூஸ் செலிம் பள்ளிவாசல்ல. இது மூணாவது குன்று, அது அஞ்சாவது.

நெர்மின்: நடுவுல ஒரு முழுக் குன்றா?

எம்ரே: ஆமா.

நெர்மின்: எனக்கு நடுவுல ஒரு சுவருதான். (திரும்பி துர்பேயைப் பார்த்து) கொடுத்து வெச்சவ.